சிறு எண்ணெய் இயந்திரத்தில் தீப்பொறியின் நேரத்தைச் சீராக்குதல்

விதைப்பதற்கும் களை பிடுங்குவதற்கும் நீர் பாய்ச்சுவதற்கும் தக்க பருவம் ஒன்று உண்டென்பதைக் கமக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பருவம் ஒரு கிழமை பிந்தினால் விளைவில் எவ்வளவு குறையுமென்பதை அவர்கள் தம் அநுபவத்தால் அறிவார்கள். அவர்களுடைய தோட்டத்துக் கிணற்றடியில் நிற்கும் இயந்திரத்தினுள்ளும் இத்தகைய பருவம் ஒன்று உண்டு. ஆங்கே தீப்பொறி பிறக்க வேண்டிய காலம் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு முந்தினாலும் பிந்தினாலும் எண்ணெய் வீணாகும், இயந்திரம் கெடும், சில வேளைகளில் அதனை இயக்குபவரின் கையும் ஊறுபடும். இப்பருவத்தை அறிந்து சீராக்கும் முறையை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறைகளினூடே இறங்கி நிலத்தடியில் தங்க, அதனைக் கிணறுகளிலிருந்து இறைத்தே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்யப்படுகின்றன. முன்னாளில் துலாவும் பட்டையும் சூத்திரமும் செய்த வேலையைப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும் சிறு இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. மின்சாரப் பம்பிகள் பரவியுள்ள இக்காலத்திலும் மின்கம்பி எட்டாத தோட்டங்களில் இவையே துணை நிற்கின்றன. கையாற் பிடித்து நடத்தும் சிறு உழவு இயந்திரங்கள் சிலவற்றிலும், மருந்து தெளிக்கும் இயந்திரங்களிலும் இவ்வகை இயந்திரமே பூட்டப்பட்டிருக்கின்றது. ஆகவே இங்கே கூறப்படுவன அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எண்ணெயின் விலையையும் நாம் மறத்தலாகாது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. அவ்வாண்டில் வரிசையில் நின்று வாங்கிய எண்ணெயின் ஒவ்வொரு துளியும் அருமையுடையதாயிருந்ததைக் கமக்காரர் மறந்திருக்கமாட்டார்கள். நேரம் பிசகிய இயந்திரம் அந்த எண்ணெயில் ஒரு பங்கை வேலை செய்யாமலே புகைக்குழாய் வழியே வெளியேற்றிவிடும்.

தீப்பொறி பிறக்கும் விதம்

இயந்திரத்தின் உருளையினுள் முசலம், அதாவது பிஸ்ரன், மேலுங் கீழுமாகச் செல்கின்றது. எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்த கலவையை அது முதலில் உள்ளே இழுக்கின்றது. இரண்டாவதாக மேலேறி அதனை நெருக்குகின்றது. மூன்றாவதாக அக்கலவை எரிந்து விரிய அதன் வலியாற் கீழே தள்ளப்படுகின்றது. நான்காவதாக எரிந்த புகையை வெளியே தள்ளுகின்றது. இந்நான்கினுள் நமக்கு வேலை தருவது மூன்றாவது மாத்திரமே. அவ்வேலை நன்கு நிகழ வேண்டுமாயின் இரண்டாவதன் முடிவில் தக்க சமயத்திற் பொறி விழவேண்டும்.

பொறியைத் தருவது மக்னீற்றோ ஆகும். இயந்திரத்தின் பறப்புச் சில்லிற் காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. சில்லுச் சுழலும்போது அக்காந்தங்கள் அருகிலுள்ள செப்புக் கம்பிச் சுருளைக் கடந்து செல்ல, அச்சுருளில் மின்னோட்டம் உண்டாகின்றது. அம்மின்னோட்டம் இரு தொடுமுனைகளினூடாகச் செல்கின்றது. இவற்றையே தொழிலறிந்தோர் பொயின்ற் என்பர். சுழலும் தண்டிலுள்ள ஒரு புடைப்பு இத்தொடுமுனைகளைப் பிரிக்கும் அக்கணத்தில் மின்னோட்டம் சடுதியாக அறுகின்றது. அவ்வாறு அறுவதனால், முதற் சுருளின்மேற் சுற்றப்பட்டுள்ள மெல்லிய கம்பிச் சுருளிற் பல்லாயிரம் வோல்ற்று மின்னழுத்தம் எழுந்து, பிளக்கின் நுனியிற் பொறியாகப் பாய்கின்றது. உயர் மின்னழுத்த மக்னீற்றோவை ஜெர்மனியில் றொபேர்ட் பொஷ் அவர்களின் தொழிற்சாலையில் கொற்லொப் ஹொனோல்ட் என்னும் பொறியியலாளர் 1902ஆம் ஆண்டில் உருவாக்கினார்.

இங்கே மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. தொடுமுனைகள் பிரியும் கணமே பொறி பிறக்கும் கணமாகும். ஆதலால் பொறியின் நேரத்தைச் சீராக்குதல் என்பது தொடுமுனைகள் பிரியும் நேரத்தைச் சீராக்குதலேயாம்.

பொறி ஏன் முன்னதாக விழவேண்டும்?

முசலம் உச்சியை அடைந்த பின்னரே பொறி விழவேண்டுமெனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அடுப்பில் மூட்டிய தீ விறகு முழுவதிலும் பரவச் சிறிது நேரம் செல்வது போலவே, உருளையினுள்ளும் பொறி விழுந்த இடத்திலிருந்து தீ எங்கும் பரவச் சிறிது நேரம் செல்லும். நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும் இயந்திரத்தின் வணரித் தண்டு ஒரு செக்கனில் 18,000 பாகை திரும்புகின்றது. 20 பாகை திரும்புவதற்கு அதற்குச் செல்லும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கைச் சற்றே விஞ்சும். அந்நேரத்துள் தீ பரவி, முசலம் உச்சியைத் தாண்டிக் கீழிறங்கத் தொடங்கும்போது முழு வலியும் அதன்மேல் விழவேண்டும். இதற்காகவே இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் உச்சிக்கு ஏறக்குறைய 20 முதல் 25 பாகைக்கு முன்னரே பொறி விழுமாறு வைக்கப்பட்டுள்ளது. உங்கள் இயந்திரத்துக்குரிய சரியான அளவு அதனுடன் வந்த கைநூலிற் கூறப்பட்டிருக்கும். அதனையே பின்பற்றுக.

நேரம் பிசகியதை அறியும் அடையாளங்கள்

பொறி மிக முந்தி விழுந்தால், கயிற்றை இழுத்து இயக்கும்போது இயந்திரம் பின்னோக்கி உதைத்துக் கயிற்றைக் கையிலிருந்து பறிக்கும். ஓடும்போது உருளையினுள் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும். இயந்திரம் விரைவிற் சூடேறும். நாளடைவில் முசலத்தின் தலை பழுதாகும்.

பொறி பிந்தி விழுந்தால், இயந்திரம் எளிதில் இயங்காது; இயங்கினும் வலி குன்றியிருக்கும். எண்ணெய் மிகுதியாகச் செலவாகும். புகைக்குழாய் அளவு கடந்து சூடேறும். சில வேளைகளில் அதனுள் வெடியோசையும் கேட்கும்.

மண்ணெண்ணெய் பெற்றோலைவிட எளிதிற் தட்டும் இயல்புடையது. 1990ஆம் ஆண்டின் பின் வடபகுதியிற் பெற்றோல் கிடைப்பது அரிதாயிருந்த காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு இயக்கிய பின் மோட்டார்ச் சைக்கிள்களையும் பழைய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் இவ்வோசையை நன்கறிவர். ஆதலால் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தில், வலி கூடுமென்று எண்ணிப் பொறியை முன்தள்ளி வைத்தல் பெருந்தவறாகும்.

ஓர் அநுபவம்

வலிகாமத்திலே சிறுபோகத்தின்போது ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். சின்ன வெங்காயம் நட்டு இருபது நாட்களாகியிருந்தன. ஐந்து நாட்களாக நீர் இறைக்கப்படவில்லை. தாள்களின் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. தோட்டக்காரரின் வலக்கை மணிக்கட்டிற் கட்டுப் போடப்பட்டிருந்தது. இயந்திரம் உதைத்ததில் வந்த வினை அது. அவருடைய மகன் பாடசாலைக்குச் செல்லாது வாளியால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தான். “தம்பி, காபுரேற்றரை நாலு தரம் கழற்றிப் பூட்டியாச்சு, பிளக்கும் புதுசு. இனி இதை விக்கிறதுதான்” என்று அவர் கூறினார்.

விசாரித்தபோது, அயலவர் ஒருவர் தொடுமுனைகளைத் துப்புரவாக்கி, நெருப்புப் பெட்டியின் மட்டையை அளவாக வைத்து இடைவெளியைச் சரிப்படுத்தியதாக அறிந்தேன். அம்மட்டை இருக்கவேண்டிய அளவிலும் மிகத் தடிப்பானது. இடைவெளி கூடினால் தொடுமுனைகள் முந்திப் பிரியும். பொறியும் முந்தி விழும். காரணத்தைக் கண்டுவிட்டேன் என்ற மகிழ்ச்சியில், பறப்புச் சில்லின் முகத்திலுள்ள துவாரத்தின் வழியே இடைவெளியைத் திருத்தி, சில்லின் குறிக்கு நேராகத் தொடுமுனைகள் பிரியுமாறு வைத்துக் கயிற்றை நானே இழுத்தேன். இயந்திரம் முன்போலவே உதைத்தது. நல்வேளையாகக் கயிறு விரலிற் சுற்றப்படாதிருந்தமையாற் கை தப்பியது.

என் தவறு யாதெனிற் சில்லைக் கழற்றிப் பாராமையே. வணரித் தண்டையும் சில்லையும் பொருத்தி வைப்பது பிறை வடிவான ஒரு சிறு இரும்புத் துண்டு. இதனைக் கீ என்பர். முதலில் நிகழ்ந்த உதைப்புகளில் இத்துண்டு அரைவாசி அறுந்து, சில்லுத் தண்டைவிட ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் முன்னோக்கி நகர்ந்திருந்தது. ஒரு மில்லிமீற்றர் அற்பமெனத் தோன்றலாம். ஆனால் 16 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள தண்டின் சுற்றளவு ஏறக்குறைய 50 மில்லிமீற்றரே. ஆகவே அதன்மேல் ஒரு மில்லிமீற்றர் என்பது ஏழு பாகைக்கு மேலாகும். சில்லு நகர்ந்தமையால் அதன்மேலிருந்த குறியும் நகர்ந்துவிட்டது. பொய்யான குறியை நம்பி நான் நேரத்தை வைத்தேன். பொறி முந்தியபடியே இருந்தது. புதிய கீ ஒன்றை இட்டு மீண்டும் நேரத்தை வைத்தபோது இயந்திரம் இரண்டாவது இழுப்பில் ஓடியது. அன்று பொழுது சாயுமுன் வெங்காயப் பாத்திகள் யாவற்றுக்கும் நீர் பாய்ந்தது. விற்றுவிடக் கருதிய இயந்திரத்தைத் திருத்துவதற்கு வேண்டியிருந்தது விரல் நகத்தளவான ஓர் இரும்புத் துண்டே.

சீராக்கும் முறை

வேண்டிய பொருட்கள்: அளவான ஸ்பானர்கள், சில்லைக் கழற்றும் இழுப்பான், தகட்டு அளவி, மெல்லிய தட்டை அரம், ரோச்சு லைற்றின் மின்குமிழ் ஒன்று, அதற்குரிய பற்றறிகள், கம்பித் துண்டுகள், துப்புரவான துணி.

1. இயந்திரம் நன்கு ஆறிய பின்னரே வேலையைத் தொடங்குக. எண்ணெய்க் குழாயை மூடுக. பிளக்கின் கம்பியைக் கழற்றி, பிளக்கையும் கழற்றி வைக்க. பிளக் இல்லாதபோது தண்டு இலகுவிற் திரும்பும்; எதிர்பாராது இயந்திரம் இயங்கிவிடும் என்ற அச்சமும் இல்லை.

2. காற்றுறையைக் கழற்றிச் சில்லின் நட்டைத் தளர்த்துக. சில்லை இழுப்பானாற் கழற்றுக. தண்டின் நுனியிலோ சில்லின் விளிம்பிலோ சுத்தியலால் அடித்தல் ஆகாது. அடித்தால் தண்டு வளையும்; காந்தமும் வலி குன்றும்.

3. கீயைக் கழற்றி வெளிச்சத்திற் பார்க்க. அதன் ஓரம் நேராயில்லாது படியாகத் தோன்றினால் அது அறுந்துள்ளது; மாற்றுக. ஆணித் துண்டொன்றை அராவி அதனிடத்தில் இடுதல் தகாது. தண்டிலும் சில்லிலுமுள்ள கீயின் வெட்டுகள் சிதைந்துள்ளனவா என்பதையும் நோக்குக.

4. தொடுமுனைகளை ஆராய்க. சிறிது கறுத்திருந்தால் மெல்லிய அரத்தால் மட்டமாகத் தேய்த்து, பெற்றோல் தோய்ந்த துணியால் துடைத்து உலரவிடுக. மணற்றாள் பயன்படுத்தலாகாது, அதன் மணல் முனைகளிற் பதிந்துவிடும். முனைகள் நீலமாகி ஆழமாக எரிந்திருப்பின் கொண்டென்சரும் பழுதாயிருக்கக்கூடும். இரண்டையும் ஒருங்கே மாற்றுதல் நன்று.

5. தண்டை அது ஓடும் திசையிற் மெதுவாகத் திருப்பி, தொடுமுனைகள் மிக அகலமாகப் பிரிந்துள்ள இடத்தில் நிறுத்துக. அவ்விடத்தில் இடைவெளியைத் தகட்டு அளவியால் அளக்க. இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் அது 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை இருக்கவேண்டும். பூட்டுத் திருகாணியைச் சற்றுத் தளர்த்தி அளவைச் சரிசெய்து மீண்டும் இறுக்குக. இறுக்கும்போது இடைவெளி மாறுவதுண்டு. ஆதலால் இறுக்கிய பின் மறுபடியும் அளக்க.

6. இனிப் பொறியின் நேரத்தைச் சோதிக்கவேண்டும். செப்புச் சுருளிலிருந்து தொடுமுனைக்கு வரும் கம்பியைக் கழற்றி ஒதுக்கி வைக்க. அவ்விடத்தில் வேறொரு நீண்ட கம்பியைப் பூட்டி வெளியே கொணர்க. கீயையும் சில்லையும் உரிய இடத்தில் வைத்து நட்டைக் கையால் முடுக்குக. வெளியே வந்த கம்பியை மின்குமிழுக்கும், குமிழைப் பற்றறிக்கும், பற்றறியின் மறுமுனையை இயந்திரத்தின் உடலுக்கும் தொடுக்க. தொடுமுனைகள் கூடியிருக்கும்போது குமிழ் எரியும், பிரிந்தவுடன் அணையும்.

7. சில்லை ஓடும் திசையில் மெதுவாகத் திருப்புக. சில்லில் இரண்டு குறிகள் இருப்பின், இயந்திர உடலிலுள்ள குறிக்கு நேராக முதலில் வருவது பொறியின் குறி. அதன் பின் வருவது முசலம் உச்சியிலிருப்பதைக் காட்டும் குறி. பொறியின் குறி நேராக வரும் அக்கணத்திற் குமிழ் அணைதல் வேண்டும். முந்தி அணைந்தால் இடைவெளியைச் சிறிது குறைக்க. பிந்தி அணைந்தால் சிறிது கூட்டுக. தொடுமுனைகள் பூட்டப்பட்டுள்ள தட்டை நகர்த்தத்தக்க இயந்திரமாயின், இடைவெளியை மாற்றாது தட்டையே நகர்த்தலாம். சில்லு ஓடும் திசைக்கு எதிராக நகர்த்தினாற் பொறி முந்தும். ஓடும் திசையில் நகர்த்தினாற் பிந்தும்.

8. நேரம் சரியாக வந்தபின் இடைவெளியை மீண்டும் அளந்து பார்க்க. அது முற்கூறிய எல்லையை விட்டு விலகியிருப்பின், தொடுமுனையின் குதி தேய்ந்துள்ளது அல்லது வேறு பழுதுண்டு என்று கொள்க.

9. சோதனைக் கம்பியை நீக்கிச் சுருளின் கம்பியைப் பழையபடி பூட்டுக. காந்தங்களில் ஒட்டியுள்ள இரும்புத் தூளைத் துடைக்க. தண்டின் கூம்பும் சில்லின் துவாரமும் எண்ணெய்ப் பசையற்று உலர்ந்திருத்தல் வேண்டும். சில்லை வைத்து நட்டைக் கைநூலிற் கூறிய அளவுக்கு இறுக்குக. நட்டுத் தளர்ந்திருப்பதே கீ அறுவதற்கு முதற்காரணமாகும்.

குறி இல்லாதபோது

பழைய இயந்திரங்களிற் குறி அழிந்திருப்பதுண்டு. அப்போது உருளையின் தலையைக் கழற்றி, முசலம் மேலேறும்போது உருளையின் விளிம்பிலிருந்து 10 மில்லிமீற்றர் ஆழத்தில் நிற்கச் செய்து, இயந்திர உடலிலுள்ள ஒரு புள்ளிக்கு நேராகச் சில்லில் ஒரு கோடு இடுக. பின்னர் முசலம் உச்சியைத் தாண்டி இறங்கி அதே ஆழத்தில் நிற்கும்போது, அதே புள்ளிக்கு நேராக மற்றொரு கோடு இடுக. இவ்விரண்டு கோடுகளுக்கும் சரிநடுவே அமைவது உச்சிக் குறியாகும். முசலம் உச்சியிற் சிறிது நேரம் அசையாதது போலத் தோன்றுவதால், கண்மட்டத்தால் உச்சியைத் துணிதல் பிழையாகும்.

உச்சியிலிருந்து பொறியின் குறியைக் கணக்கிடுவது எளிது. சில்லின் விளிம்புச் சுற்றளவை நூலால் அளந்து, வேண்டிய பாகையாற் பெருக்கி, 360ஆற் பிரிக்க. உதாரணமாக, 200 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 628 மில்லிமீற்றர். அதில் 20 பாகைக்கு 35 மில்லிமீற்றர் வரும். உச்சிக் குறியிலிருந்து சில்லு ஓடும் திசையின் பக்கமாக அத்தூரத்தை அளந்து கோடு இடுக. சில்லுச் சுழலும்போது இக்கோடே முதலில் வரவேண்டும்.

கவனிக்கவேண்டியவை

புதிய இயந்திரங்கள் பலவற்றிற் தொடுமுனைகள் இல்லை. அவற்றின் வேலையை இலத்திரனியற் கருவி செய்கின்றது. அத்தகையவற்றிற் சீராக்க வேண்டிய இடைவெளி தொடுமுனையில் இல்லாவிடினும், கீ அறுந்தால் அவையும் நேரம் பிசகும். டீசலில் ஓடும் இருசில்லு உழவு இயந்திரங்களிற் பொறியே இல்லை. அவற்றில் எண்ணெய் பீச்சப்படும் நேரமே இதற்கு ஒப்பானது. அதனைத் தேர்ந்த தொழிலாளரிடமே விடுதல் வேண்டும்.

மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பெற்றோலில் இயக்கி, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நிறுத்துவதற்குச் சிறிது முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுக. எரியாத மண்ணெண்ணெய் உருளை வழியே இறங்கி உயவு எண்ணெயை நீர்க்கச் செய்யுமாதலால், அவ்வெண்ணெயைக் காலந்தவறாது மாற்றுக.

கயிற்றைக் கையிலோ விரலிலோ ஒருபோதும் சுற்றாதீர்கள். பொறி பாய்கின்றதா எனப் பார்க்கும்போது பிளக்கை அதன் துவாரத்துக்கும் எண்ணெய்த் தாங்கிக்கும் அப்பாற் பிடித்துச் சோதியுங்கள். இயந்திரம் இயங்காவிடின் முதலிற் காபுரேற்றரைக் கழற்றும் வழக்கத்தைக் கைவிட்டு, எண்ணெய் வருகின்றதா, பொறி பாய்கின்றதா, பொறி நேரத்துக்குப் பாய்கின்றதா என இம்முறையில் ஆராயுங்கள்.

போகத் தொடக்கத்தில் நிலத்தைப் பண்படுத்துவது போலவே, இறைப்புத் தொடங்குமுன் ஒரு காலைப்பொழுதை இயந்திரத்துக்கும் ஒதுக்குக. அன்று செலவிடும் இரண்டு மணித்தியாலம், பயிர் வாடி நிற்கும் நாளில் வாளியுடன் கிணற்றடியில் நிற்க வேண்டிய துன்பத்தைத் தவிர்க்கும்.